லெஃப்சேயும் மிக நெருங்கிய உறவினரும்

ஒருவருக்கு மிக நெருங்கிய உறவினர் யார் என்பதை அவரே சொல்ல வேண்டும். அவர் யாருடைய பெயரைக் குறிப்பிடுகிறாரோ அவர்தான் மிக நெருங்கிய உறவினர். தாய், தகப்பன், சகோதரம் என்ற வரிசை எல்லாம் அவர் வாய் திறக்க முடியாமல் கிடக்கும்போது மட்டுமே பார்க்கப்படும். நோர்வேயின் நோயாளர் உரிமைச் சட்டம் சொல்வது இது. ஒஸ்லோவின் பெரிய ஆசுப்பத்திரி ஒன்றில், நோயாளரைப் பதிந்து அனுமதிக்கும் பிரிவில், இருபது ஆண்டுகள் இந்த விதியை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து வாசித்திருக்கிறேன். மறைபரப்பாளர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு சங்கம் இதே விதியைத் தன் பணியாளர் கையேட்டில் எடுத்து எழுதி, கூடவே ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருந்தது. பணியாளருக்கு நோயோ விபத்தோ நேர்ந்தால், அவர் பெயர் குறித்த உறவினருக்கு அன்றைக்கே அறிவிக்க வேண்டும். சங்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அதற்கு ஏற்கெனவே தேவைக்கு மேற்பட்ட மரியாதை உண்டு.

என் அக்காவுக்கு அந்த அறிவித்தல் வரவில்லை.

அக்கா மணம் முடிக்காதவள். எங்கள் தங்கச்சி, ஊரில் சண்டையால் ஆசுப்பத்திரிக்குப் போகப் பாதையில்லாத ஒரு மாதத்தில், காய்ச்சலில் செத்தாள். அவளுடைய புருசன் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தார். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா ஒஸ்லோவுக்கு வந்து இறங்கினாள். ஊரில் இந்த உறவுக்குப் பெறாமகள் என்று பெயர். அக்கா யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பாடசாலைக் கூட்டங்களுக்குப் போனாள், பல் வைத்தியரிடம் கூட்டிப் போனாள், பனியில் சறுக்கும் கட்டைகளை இரவல் வாங்கிக் கொடுத்தாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்து அவளைத் தாதியாகப் படிப்பித்தாள். பிள்ளை அக்காவைப் பெரியம்மா என்றும் என்னை மாமா என்றும் அழைத்தாள்.

தாதிப் பயிற்சியில் இருந்தபோது பிள்ளை ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தாள். பாடகர் குழுவில் ஒரு பொடியன் இருந்தான். பொடியனுடைய குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மறைபரப்பாளர்கள். கறுப்பு மனிதர்களுக்கு நடுவே வெள்ளைத் தொப்பியோடு நிற்கும் ஒரு பாட்டனின் படம் அவர்களுடைய வீட்டு வரவேற்பறையில் தொங்கியது. நாங்கள் நானூறு வருடக் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊர்த் தீவில் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுடைய பாட்டன்மார் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மாதா படத்துக்கு முன்னால் ஒரு நாளும் மெழுகுதிரி ஏற்றாமல் படுத்ததில்லை. என்றாலும் கலியாணம் அவர்களுடைய லூதரன் கோயிலில்தான் நடந்தது. எங்களைக் கிறிஸ்தவத்துக்குப் புதியவர்கள் என்று நினைத்து, பொடியனுடைய ஒரு சித்தி எனக்குப் பரமண்டல செபத்தை மெதுவாக, விளக்கமாகச் சொல்லித் தந்தார். நன்றி சொன்னேன்.

சம்பந்தியம்மாவோடு ஒட்டுறவாக இருக்க வேண்டும் என்பதற்காக அக்கா அந்தச் சங்கத்தின் பெண்கள் வட்டத்தில் சேர்ந்தாள். வாரம் ஒரு முறை ஒரு ஜெபமண்டபத்தின் நிலவறைச் சமையலறையில் கூடி, பின்னி, தைத்து, சுட்டு, விற்று, ஆபிரிக்காவை இரட்சிக்கிற வட்டம் அது. முதல் ஆறு மாதம் அக்காவுக்குக் கோப்பை கழுவும் வேலை. ஒரு நாள் லெஃப்சே சுடுகிற ஒருத்திக்குத் தோள் பிடித்துக்கொள்ள, அக்கா உருளைக்கட்டையை வாங்கினாள். லெஃப்சே என்பது மெல்லிய பெரிய ரொட்டி. வரி வரியாய்ப் பள்ளம் வெட்டிய கட்டையால் மாவை உருட்டி, தோசைக்கல்லைப் போல மூன்று மடங்கு அகலமான கல்லில், நீண்ட தட்டைக் குச்சியால் தூக்கிப் போட்டுச் சுடுவார்கள். அக்கா உருட்டிய முதல் வட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர்கள் எல்லாரும் கெட்டிக்காரி என்றார்களாம். நோர்வேக்காரர் இந்தச் சொல்லைப் பாலைச் சிந்தாமல் குடித்த குழந்தைக்கும் சொல்வார்கள், நாய்க்கும் சொல்வார்கள். அன்றிலிருந்து அக்கா அந்த வட்டத்தின் கைகள் ஆனாள். கைகள் மட்டும்தான். தலைவி, பொருளாளர், வேதம் வாசிப்பவர் எல்லாப் பதவிகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன.

நான் இதைச் சொல்லிச் சிரித்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "நீ உன்ரை கந்தோர்க் கண்ணாலை எல்லாத்தையும் பாக்கிறாய் தம்பி. எனக்கு மாவிலை கை வைச்சால் சந்தோசம். அவ்வளவுதான்" என்பாள்.

2003ஆம் ஆண்டு ஆவணி மாதம், பிள்ளையையும் புருசனையும் சங்கம் மடகஸ்காருக்கு அனுப்பி வைக்கும் பிரியாவிடைக் கூட்டம் நடந்தது. ஊரில் அரசாங்கக் கந்தோரில், கச்சேரியில், எழுதுவினைஞனாக இருந்து அரசாங்க அதிபர்களின் பிரியாவிடைகளையே சகித்தவன் நான். இது அவற்றையும் மிஞ்சியது. முதலில் நான்கு பாட்டு. பிறகு ஒரு வரைபடம். மடகஸ்காரின் எந்த மூலையில் எங்கள் பிள்ளை இறங்கப்போகிறாள் என்று காட்ட ஒருவர் குச்சி எடுத்து வந்து, அரைமணி நேரம் தன்னுடைய பழைய மலேரியாவைப் பற்றிக் கதைத்தார். ஆளுக்கொரு ரோசாப்பூ. தாதித் தொழிலில் மூன்று வருட அனுபவமுள்ள பெண்ணுக்கு, கொதித்தாறிய தண்ணீரையே குடிக்க வேண்டும் என்று ஆறு பேர் புத்தி சொன்னார்கள். சுவரோரமாக ஏழு வகைப் பலகாரம் ஏழு தட்டுகளில் இருந்தது. ஆறாக இருந்தால் அவமானம், எட்டாக இருந்தால் ஆடம்பரம்.

அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அனுப்பப்படுகிறவர்களுக்காகக் காய்ந்த லெஃப்சே சுடுவார்கள். அப்பளம் போல மொறுமொறுப்பாய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் வகை. தண்ணீர் தெளித்து ஈரத் துவாய்க்கு நடுவில் வைத்தால் பழையபடி மெதுமெதுப்பாகிவிடும். ஒரு தகரப்பேணி நிறையப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். ஒன்றை மட்டும் அங்கேயே நனைத்து, வெண்ணெயும் சீனியும் பூசிச் சுருட்டி, அனுப்பப்படுகிறவரின் தாய் முன்னால் வந்து தன் கையால் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பலகார மேசைக்குப் போகலாம்.

அந்த லெஃப்சேகள் எல்லாவற்றையும் சுட்டவள் அக்கா. மூன்று நாள். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவள் சமையலறை வாசலில் ஈரத்துவாய்த் தட்டோடு, எங்கள் பெரிய கோயில் திருநாளுக்கு உடுக்கும் நீலச் சேலையில் நின்றாள். தலைவி தாயை அழைத்தார். சம்பந்தியம்மா எழுந்து போனார். தட்டு அக்காவின் கையிலிருந்து அவருடைய கைக்கு மாறியது. மகனுக்கு ஒரு சுருள் கொடுத்தார், அது முறை. பிறகு அடுத்த சுருளை எங்கள் பிள்ளைக்கும் அவரே கொடுத்தார். பிள்ளை வாசற்பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை மெல்லியதாய்ச் சுட்ட தாயின் கைகளுக்காகத் தலைவி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எல்லாரும் சம்பந்தியம்மாவின் கைகளைப் பார்த்தார்கள். நான் கோப்பி ஊற்றும் இடத்தில் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நிலக்கீழ் ரயிலில் அக்காவிடம் கேட்டேன், நீ ஏன் முன்னுக்குப் போகவில்லை என்று. "கூப்பிட்டால்தானே போறது" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

கார்த்திகை மாதம் வட்டத்தில் நத்தார்ச் சந்தைக்கு, கிறிஸ்மஸ் விற்பனைக்கு, லெஃப்சே சுடும் வேலை. அக்கா சுடுகல்லடியில் நின்றிருக்கிறாள். பத்து மணிக்கு எல்லாரும் இருந்த இடத்திலேயே கைகட்டி ஜெபிப்பார்கள். தலைவி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். நோயாளிகள், பயணிகள், அரசர், அரசி. பிறகு, மடகஸ்காரில் ஒன்பது நாளாக மலேரியாவோடு ஆசுப்பத்திரியில் கிடக்கும் எங்கள் இளம் சகோதரி. யாரோ பாவம் என்றுதான் அக்காவும் நினைத்தாளாம். அதற்குப் பிறகு பெயரைச் சொன்னார்கள்.

மத்தியானம் என் வீட்டுக் கதவு மணி அடித்தது. அக்காவின் குளிர்ச்சட்டைக் கைகளில் மா அப்பியிருந்தது. தலையில் ஒன்றும் போடாமல் வந்திருந்தாள்.

"பிள்ளை ஒன்பது நாளாய் ஆசுப்பத்திரியிலை கிடக்கிறாள்" என்றாள்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கடவுளுக்குத்தான் சொன்னவை. நான் பக்கத்திலை நிண்டதாலை கேட்டது."

அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைத் தொடாமல், "கல்லிலை ஒண்டு கிடந்தது. எரிஞ்சுபோகுமெண்டு அதைத் திருப்பிப் போட்டிட்டுத்தான் வந்தனான்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சம்பந்தியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, சங்கம் முதல் நாளே தனக்கு அறிவித்தது, உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றார். நினைத்தேன் என்பது எந்தக் கந்தோரிலும் ஒரு நடைமுறை அல்ல என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். ஒரு கிழமை கழித்துப் பிள்ளையே அழைத்தாள். நான்கு நிமிடம். அக்கா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், தலைமயிர் கொட்டுகிறதா என்று கேட்டாள். ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்றதற்கு, "படுக்கையிலை கிடக்கிற பிள்ளையிட்டையோ விசாரணை வைக்கிறது?" என்று என் மேல் சீறினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, என்ரை பேரை அந்தச் சங்கத்தின்ரை பேப்பரிலை போடச் சொல்லி எழுது. வேறை ஒண்டும் வேண்டாம். இன்னொருக்கா இப்பிடி வந்தால் எனக்கும் சொல்லவேணும். அவளுக்கு நான்தானே" என்றாள்.

எழுதினேன். என் உத்தியோக காலத்தில் எழுதிய எந்தக் கடிதத்தையும் விட நல்ல கடிதம். சட்டத்தின் பிரிவு, அவர்களுடைய கையேட்டின் பக்கம், நடந்தவற்றின் கால ஒழுங்கு, நான்கு இணைப்புகள். அனுப்பப்படுகிறவர் யார் பெயரைத் தருகிறாரோ அவருக்கே அறிவிக்க வேண்டும் என்ற விதியை மீறி, பெரியம்மா என்ற உறவு உங்கள் பட்டியலில் இல்லாத காரணத்தால், அலுவலகத்தில் யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாமியாரைப் பதிந்திருக்கிறார் என்று குற்றம் சாட்டினேன். பிரியாவிடைக் கூட்டத்தில் தாயின் இடத்துக்கு யார் அழைக்கப்பட்டார் என்பதை அதே மனப்பான்மைக்குச் சான்றாக வைத்தேன். பிள்ளை வாசற்பக்கம் பார்த்ததையும் விடவில்லை. அக்காவின் பெயரைப் பதியும்படியும், உறவினர் பெயர் பதிந்த படிவத்தின் பிரதியை அனுப்பும்படியும் கேட்டு முடித்தேன்.

மறுமொழி வரவில்லை. மூன்று கிழமையில் நினைவூட்டல் போட்டேன். செயலாளர் நத்தார் விடுமுறையில் இருப்பதாக ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள். தையில் இன்னொரு நினைவூட்டல். விடயம் கவனத்தில் இருக்கிறது, மேலதிகத் தகவலுக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. மாசியில் குளிர்கால விடுமுறை. இந்த நாட்டில் உலகமே இரட்சிக்கப்படலாம், ஆனால் பனிச்சறுக்கு முடிந்த பிறகுதான். அக்கா வட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு செவ்வாயும் குறொன்லாண்டில் மீன் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். சப்பாத்தைக் கழற்ற முன்னமே "மறுமொழி வந்ததோ?" என்பாள்.

இடையில், நத்தாருக்கு முந்திய கிழமை, சம்பந்தியம்மா ஒரு கேக்குப் பேணியோடு அக்காவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா கோப்பி ஊற்றினாள். நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தானே என்றார் சம்பந்தியம்மா. நான் இருக்காமல் நின்றபடியே, அது எந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டேன். என் நோர்வேஜிய மொழி கோபத்தில் மிகவும் இலக்கண சுத்தமாக வரும். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு, தவறு என்னுடையது, நான் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அன்று மாலையே குறித்து வைத்து, அடுத்த நினைவூட்டலில் சேர்த்தேன்.

மார்ச்சில், எங்கள் கணக்கில் பங்குனியில், தடித்த உறை ஒன்று வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம். நீங்கள் கேட்ட ஆவணம் தனிப்பட்டது என்பதால், அதை உங்களுக்குக் காட்டப் பணியாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. மடகஸ்காருக்குக் கடிதம் போய் வர இத்தனை காலம் எடுத்துவிட்டது. சம்மதம் கிடைத்திருக்கிறது. பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

படிவத்தில் மிக நெருங்கிய உறவினருக்கு இரண்டு வரிகள் இருந்தன. முதலாவதில் சம்பந்தியம்மாவின் பெயர், முகவரி, தொலைபேசி எண். இரண்டாவது வரி வெறுமையாக இருந்தது. எழுத்து எங்கள் பிள்ளையின் எழுத்து. அக்கா சமையலறை மேசையில் வைத்து இரட்டைக் கோட்டுக் கொப்பியில் பழக்கிய வட்டமான, நேரான எழுத்து. கீழே கையொப்பம். திகதி, பிரியாவிடைக் கூட்டத்துக்கு இரண்டு கிழமை முந்தியது. பணியாளர் விரும்பினால் இதை எந்த நேரமும் மாற்றலாம் என்று அவருக்குத் தெரிவித்திருக்கிறோம், இன்றுவரை அவர் மாற்றம் எதுவும் கேட்கவில்லை என்று கடிதம் முடிந்தது.

குறை காண ஒரு வரியும் இல்லை. விதி அட்சரம் பிசகாமல் பின்பற்றப்பட்டிருந்தது. சம்பந்தியம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு பேணி கேக்கோடு வந்து, என் வாயால் அவமானப்பட்டு, பிள்ளையைக் காட்டிக் கொடுக்காமல் திரும்பிப் போயிருக்கிறார்.

காரணங்களை நான் யோசிக்காமல் இல்லை. நடுச்சாமத்தில் தொலைபேசி அடித்தால் அக்கா பயந்து செத்துவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். அக்காவின் நோர்வேஜிய மொழி செயலாளருக்கு விளங்காது என்று நினைத்திருக்கலாம். வெட்கமாக இருந்திருக்கலாம். ஒரு முழுக் குடும்பம் தனக்கு வாய்த்துவிட்டது என்ற புது மகிழ்ச்சியில் பழையதை எழுத மறந்திருக்கலாம். காரணம் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற தாய்மாரை அப்போதுதான் நினைத்தேன். நோயாளி வேறொருவருடைய பெயரைத் தந்திருக்கிறார், உங்களுக்குத் தகவல் தர எனக்கு அனுமதியில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். அது நோயாளியின் உரிமை என்று சொல்லி, விளக்கப் பிரசுரம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். அன்று பின்னேரம் கடமையைச் சரியாகச் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அன்றும் செவ்வாய்க்கிழமை. கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டி அரைமணியில் அக்கா வந்தாள்.

"மறுமொழி வந்ததோ?"

"இன்னும் இல்லை."

"வராது தம்பி. அவைக்கு நான் மா உருட்ட மட்டும்தான்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது. மீன் பையைத் தொட்டிக்குள் வைத்து, கத்தியைக் கேட்டாள். அந்தச் சங்கத்தைச் சாகும்வரை வெறுப்பதற்கு வேண்டிய வசதியை நான் அவளுக்குச் செய்து கொடுத்தேன். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். செயலாளரை, தலைவியை, அவர்களுடைய ரோசாப்பூக்களை. சம்பந்தியம்மாவை மட்டும் அந்தத் திட்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிவிட்டேன். அக்கா அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் தன் வீட்டு அடுப்பில் லெஃப்சே சுட்டுக் காயவைத்து, தகரப்பேணியில் அடைத்து, தன் பெயரில் மடகஸ்காருக்குத் தபாலில் அனுப்பினாள்.

பிள்ளையும் புருசனும் 2007இல் திரும்பி வந்து லில்லெஸ்ட்ரோமில் வீடு எடுத்தார்கள். அடுத்த வருடம் அக்கா படுக்கையில் விழுந்தாள். நான் வேலை செய்த அதே ஆசுப்பத்திரி, அதே மேசை. மிக நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டபோது அக்கா பிள்ளையின் பெயரைச் சொன்னாள். இன்னொருவர் பெயரும் தரலாம் என்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன். "அவளே காணும், வேறை ஆரும் வேண்டாம்" என்றாள். பிள்ளை ஒரு நாள் தவறாமல் வந்து, உடம்பு துடைத்து, தலை வாரி, கடைசியில் அக்காவின் கண்களையும் தன் கையால் மூடிவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆசுப்பத்திரி நடைக்கூடத்தில் பிள்ளை என்னை நிறுத்தினாள்.

"மாமா, அந்தக் கடிதத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டினனீங்களோ?"

"எந்தக் கடிதம்?" என்றேன்.

போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "நான் ஏன் அப்பிடி எழுதினனான் எண்டால்..." என்று தொடங்கினாள்.

"படிவத்திலை காரணம் கேக்கேல்லை, பிள்ளை" என்றேன். "போய் அவவோடை இரு."

போனாள். அவளை மன்னித்து அப்படிச் சொன்னேனா, கேட்கப் பயந்து சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இப்போதும் மாதம் ஒரு முறை லில்லெஸ்ட்ரோமிலிருந்து அழைப்பாள். மருந்து ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்பாள். வேறு ஒன்றும் கதைப்பதில்லை.

கச்சேரியில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த நாளிலிருந்து, என் மேசைக்கு வந்த எந்தக் கடிதத்தையும் வந்த திகதி இடாமல் நான் கோப்பில் போட்டதில்லை. வீட்டுக்கு வந்த மின்சாரக் கட்டணச் சீட்டுக்குக்கூட இட்டிருக்கிறேன். இது ஒன்றுக்கு மட்டும் இடவில்லை. இட்டிருந்தால், இன்னும் இல்லை என்று அக்காவுக்கு நான் சொன்ன ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதில் பொய்யாகியிருக்கும். அவள் இனிக் கேட்கப்போவதில்லை. ஆகவே பதிகிறேன். மறுமொழி கிடைத்த திகதி: 2004 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.